நாலு மணிச் சங்கு

கேள்வி நேரம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியும் இரண்டாவது கேள்வியே முடிந்தபாடில்லை. தன் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குக் கூரை கேட்க எழுந்த உறுப்பினர் ஒருவர், கூரைக்கு வருவதற்கு முன்னால் முதல்வரைக் கற்பகத்தரு என்றும் காமதேனு என்றும் சொல்லிக்கொண்டே போனார்; இவர் கூரைக்கு வந்து சேர்வதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டார் அணைகள் துறை அமைச்சர் கர்னல் அருமைநாயகம். முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு வருடம் பட்டாளத்தில் நிமிர்ந்து பழகிய முதுகு, ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் சாய மாட்டேன் என்கிறது. சாயாத முதுகைக் கண்டால் அரசியலில் எல்லாருக்கும் ஒரு சந்தேகம், இவன் யாரோடு சண்டைக்கு நிற்கிறான் என்று. யாரோடும் இல்லை. வேட்டி அவிழ்ந்துவிடக் கூடாதே என்று உள்ளே பழைய பட்டாளத்து பெல்ட்டைக் கட்டியிருக்கிறார், அதன் பித்தளைப் பூட்டு சாய்ந்தால் வயிற்றில் குத்தும், பாதிக் காரணம் அது. மேசைமேல் ஒரே ஒரு தாள். கேள்வி எண் ஏழு, கேட்பவர் எதிர்க்கட்சி உறுப்பினர் முப்புடாதி. அ) கருங்காட்டு அணையிலிருந்து சென்ற ஐப்பசியில் தண்ணீர் திறக்குமுன் எச்சரிக்கைச் சங்கு ஊதப்பட்டதா? ஆ) மஞ்சனாற்றில் மூன்று பேர் உயிரிழந்ததற்குப் பொறுப்பானவர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டதா? கீழே துறை எழுதிக் கொடுத்த பதில். அ) ஆம். ஆ) ஆம், கரைவழியே சென்று எச்சரிக்கத் தவறிய லஸ்கர் பேச்சிமுத்து தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டு, அவர்மீது காவல்துறை வழக்கும் பதிவாகியுள்ளது. லஸ்கர் என்றால் மதகு ஷட்டரை ஏற்றி இறக்குகிற ஆள், துறையிலேயே கடைசிப் படியில் இருப்பவன். எழுந்து நின்று இரண்டு ஆம் சொன்னால் அவனுக்கு வேலை போகும், ஜெயிலும் வரலாம். சொல்லாவிட்டால் போகப்போவது இவருடைய மந்திரி பதவி. நடுவில் வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று மூன்று நாளாகத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

என்ன தப்புச் செய்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு குரல் மார்தட்டியது, காலையிலிருந்து அது ஓயவில்லை. இந்தத் துறைக்கு அவர் வந்தபோது ஆறு ஆறுகளில் இருந்த நாற்பத்தோரு அணையில் ஒன்றிலாவது சங்கு ஊதியதா? மோட்டார் துருப்பிடித்து, குழாய்க்குள் தேனீ கூடு கட்டி, கருங்காட்டில் சங்கு மேடைமேல் ஆட்டுக்குத் தழை காயப்போட்டிருந்தார்கள். பதினோரு வருடமாக ஊதவே இல்லை என்று ஒரு பொறியாளர் ஏதோ பெருமை சொல்கிற மாதிரி சொன்னார். அதற்குமுன் இருந்த மந்திரிகள் எல்லாம் அணையைப் பார்க்க வந்தார்கள், மீன் குழம்பு சாப்பிட்டார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். இவர் வந்த எட்டே மாதத்தில் நாற்பத்தோரு சங்கும் ஊதின. தினமும் சரியாக மாலை நாலு மணிக்கு, மூன்று முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். அமைச்சரின் நேரடி உத்தரவு. விட்டுப்போனால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள், பட்டாளத்து மந்திரி வந்தார், அணைகள் விழித்துக்கொண்டன என்று. எழுதியவன் இன்றைக்கு எங்கே இருக்கிறான், தெரியவில்லை. கேட்டால் அவனும் ஆம் என்றுதான் சொல்வான், சங்கு ஊதத்தானே செய்தது. சங்கு ஊதியது. ஊதியதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. அதுதான் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டு போகவும் மாட்டேன் வரவும் மாட்டேன் என்கிறது.

தினமும் செய்தால்தான் ஒருநாள் கைகொடுக்கும். இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பனி சொல்லித்தந்தது. கேப்டனாக இருந்த காலம், பதினாலாயிரம் அடி உயரத்தில் ஒரு சின்னக் காவல் முகாம், முப்பத்திரண்டு பேர். பட்டாளத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு: காலையில் வெளிச்சம் வரும் நேரமும் மாலையில் வெளிச்சம் போகும் நேரமும் எல்லாரும் துப்பாக்கியோடு பதுங்குகுழியில் நிற்க வேண்டும், எதிரி வந்தாலும் வராவிட்டாலும், அரை மணி நேரம். விசில் ஊதினால் இறங்கு, மறுபடி ஊதினால் ஏறு. நாற்பத்திரண்டு நாள் யாரும் வரவில்லை. கால் விரல் மரத்துப்போகிறது, டீ ஆறிப்போகிறது, ஆட்கள் முனகினார்கள், கம்பெனி சுபேதாரே வந்து, "சாப், இன்னிக்கு ஒருநாள் விட்டுடலாமா, மேலேயிருந்து பாக்க யாரும் இல்லே" என்று கேட்டார். விடவில்லை. நாற்பத்து மூன்றாம் நாள் மாலை வந்தார்கள். எல்லாரும் குழியில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை, இவருக்கு இடது காது பாதி போனது, மார்பில் ஒரு மெடல் வந்தது, வாழ்நாளுக்கும் ஒரு வேதம் கிடைத்தது. அந்த வேதத்தை மலையிலிருந்து இறக்கி மஞ்சனாற்றுக் கரையில் கொண்டுவந்து வைத்தார். வைத்ததில் என்ன தப்பு? கருங்காட்டு அணையை ஆய்வு செய்யப் போன அன்று அந்த லஸ்கர் முன்னால் வந்தான், ஒல்லி ஆள், காக்கிச் சட்டையின் மேல் பொத்தானுக்குப் பதில் ஊக்கு குத்தியிருந்தது, பேரைக் கேட்டதற்குப் பேச்சிமுத்து என்றான். "அய்யா, ஒரு சங்கதி. தெனமும் மூணு ஊதினா சனம் காதுல வாங்காதுய்யா. ஒத்திகைக்கு ஒண்ணு ஊதுவோம். தண்ணி வந்தா மூணு ஊதுவோம். அப்பந்தான் வித்தியாசம் தெரியும்" என்றான். நல்ல யோசனை. இப்போது நினைத்தால் எவ்வளவு நல்ல யோசனை. அன்றைக்குக் கர்னலைச் சுற்றி இருபது பொறியாளர்கள், நாலு கேமரா. "ஏம்ப்பா, எதிரி உன்கிட்ட வந்து, இன்னிக்கு ஒத்திகைக்கு ஒரு குண்டு, நாளைக்கு நெசமா மூணு குண்டுன்னு சொல்லிட்டா சுடுவான்? பாதி ஒத்திகை ஒத்திகையே இல்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தலைமைப் பொறியாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லஸ்கரும் சிரித்தான், மந்திரி கேலி பேசினால் லஸ்கர் சிரிக்காமல் என்ன செய்வான். சிரித்துவிட்டு, "சரிங்கய்யா" என்றான். கர்னலுக்கும் அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. திரும்பி வரும் வழியில் காரில் அதை மறுபடி ஒருமுறை நினைத்து ரசித்தார். அப்படி ரசித்தது வேறு இப்போது நெஞ்சில் வந்து நிற்கிறது, சனியன்.

மேசையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கூரை கிடைத்துவிட்டது போல. "கேள்வி எண் மூன்று" என்றார் பேரவைத் தலைவர். பக்கத்து நாற்காலியில் கனிமத் துறை அமைச்சர் தெய்வநாதன் சின்ன டப்பாவைத் திறந்து நீட்டினார். "கிராம்பு போட்டுக்குங்க கர்னல், தொண்டைக்கு நல்லது. ரெண்டு வார்த்த தான பேசப்போறீங்க, தெளிவா வரணும்ல" என்றார். இவர் வேண்டாம் என்று தலையாட்டினார். தெய்வநாதனின் மச்சினன்மார் லாரிகள் ஆற்றுமணலில் எந்த இடத்தில் எத்தனை நிற்கின்றன என்று கர்னலுக்குத் தெரியும். இவருக்கு அது தெரியும் என்பது தெய்வநாதனுக்கும் தெரியும். எட்டு மாதமாக அந்த லாரிகள் அணைக்கு ஐந்து மைல் சுற்றளவுக்குள் வரவில்லை, வந்த இரண்டு இன்னும் தாசில்தார் அலுவலகத்தில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. காலையில் முதல்வர் போனில் பேசியபோது தெய்வநாதனைத்தான் பேர் சொல்லாமல் சொன்னார். அவர் குரல் உயர்த்திப் பேசுகிறவர் இல்லை. "கர்னல், உங்க செயலாளர் கொண்டாந்த பதிலைப் படிச்சேன். ரொம்பச் சரியா இருக்கு. அப்படியே படிச்சிட்டு உக்காருங்க." இவர், "அதுல ஒரு விஷயம் விட்டுப்போச்சுங்கய்யா, அந்த நாலு மணி உத்தரவு" என்று இழுத்தார். "கேக்காததை எதுக்குச் சொல்றது? நாலு மணிச் சங்கு ஊருக்கே தெரியும், அதனாலதான் மூணு பேர் செத்தாங்கன்னு முப்புடாதிக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பான்." "அந்த லஸ்கர் மேல தப்பு இல்லீங்கய்யா." முதல்வர் யாரிடமோ கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு, "ஆறு மாசம் போகட்டும், அவனைத் திருப்பி எடுத்துக்கலாம், நான் பாத்துக்கறேன். நீங்க போயிட்டா அந்த நாற்காலியில எவன் வந்து உக்காருவான்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். எனக்கே அவனைத் தடுக்க முடியாது, கட்சியில அவன் பக்கம் பதினெட்டுப் பேர் இருக்கான். ஒரு லஸ்கருக்காக ஆறு ஆத்தையும் அவன்கிட்ட குடுக்கப்போறீங்களா?" என்றார். பொய் சொல்கிற மனுஷன் இல்லை. அதுதான் கஷ்டம். மிரட்டியிருந்தால் பட்டாளத்துக்காரனுக்கு எளிது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்விடலாம். நியாயத்தை எடுத்து நீட்டினால் வாங்காமல் எப்படி இருப்பது.

நியாயம்தான். ஒரு லஸ்கரா, ஆறு ஆறுகளா? போர்க்களத்தில் இந்த மாதிரி எத்தனை முடிவு எடுத்திருக்கிறார், பத்துப் பேரைக் காப்பாற்ற ஒருவனை முன்னால் அனுப்பியிருக்கிறார், கை நடுங்கவில்லை. ஆனால் முன்னால் போனவனுக்குத் தான் எதற்குப் போகிறோம் என்று தெரியும். பேச்சிமுத்துக்கு என்ன தெரியும்? ஐப்பசி பதினெட்டாம் தேதி மேலே மலையில் மழை கொட்டி, நீர்வரத்து ஏறி, மூன்றே முக்காலுக்குப் பொறியாளர் போன் செய்கிறார், ஷட்டரைத் தூக்கு என்று. மதகுக்கும் அவன் ஒருத்தன்தான், கரைக்கும் அவன் ஒருத்தன்தான். இன்னொரு ஆள் கேட்டு அவன் போட்ட மனு துறையில் எங்கோ கிடக்கிறது. நாலு மணிக்குச் சங்கு ஊதினான். மூன்று முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், உத்தரவில் உள்ளபடி. பிறகு ஷட்டரைத் தூக்கினான். இரண்டு மைல் கீழே துவைக்கிற துறையில் ஏழு பேர் இருந்தார்கள். மூன்றாம் நாள் கர்னல் அங்கே போனார், ஆறுதல் சொல்ல. அவருக்கு ஆறுதல் சொல்ல வராது. விறைத்து நின்று தலையைக் குனிவார், அதைப் பார்க்கிறவர்கள் திமிர் என்பார்கள். செத்துப்போன பொன்னுத்தாயின் தங்கை, காயப்போடக் கரையேறியதால் பிழைத்தவள், அவரைக் கண்டு அழவும் இல்லை ஏசவும் இல்லை. "சங்கு கேட்டுச்சுய்யா. நல்லாக் கேட்டுச்சு. எங்க அக்காதான் சொன்னா, நாலாயிட்டு, இந்த ரெண்டு துணியையும் அலசிட்டு ஏறிருவோம், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைக வந்துரும்னு" என்றாள். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் கர்னலின் முகத்தைப் பார்த்து, மந்திரி மனசு நோகக் கூடாதே என்று நினைத்தாரோ என்னவோ, "ஒங்க சங்கு நல்ல சங்குய்யா. ஒருநாள் தப்பாது. நாங்க கெடியாரமே பாக்கது இல்ல" என்றார். மேலும் ஏதோ சொன்னார்கள். இவருக்கு வலது காதும் அடைத்துக்கொண்டது. கருங்காட்டிலிருந்து கடல் வரைக்கும் எல்லாரும் மணி பார்த்துக்கொண்டிருந்தார்கள், எட்டு மாதமாக, அவர் ஊதவிட்ட சங்கை வைத்து.

குழியில் இறங்கிப் பழகிய ஆளுக்குத்தான் விசில் விசில். ஊதியபோதெல்லாம் அவர்கள் இறங்கினார்கள், இறங்காதவனைச் சுபேதார் இறக்கினார். இங்கே எட்டு மாதம், இருநூற்று நாற்பது நாள், சங்கு ஊதியபோது யாராவது ஆற்றைவிட்டு ஏறினார்களா? ஏறச் சொல்லி யாராவது சொன்னார்களா? சங்குக்கு ஒத்திகை பார்த்தாரே தவிர ஆளுக்கு ஒத்திகை பார்க்கவில்லை. ஒரு கேடட்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான், கர்னல் செய்தார். அதோடு போயிற்றா என்றால் அதுவும் இல்லை. போன வாரம் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது சும்மா இருந்த மனசு சொல்லிற்று, உன் அப்பா யார் என்று. அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. கர்னல் பிறந்ததும் வளர்ந்ததும் மில் லைன் வீட்டில். ஐந்தரைக்கு ஒரு சங்கு, அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். ஆறரைக்கு ஒரு சங்கு, அப்பா தூக்குவாளியோடு கிளம்புவார். மூன்றரைக்கு இன்னொன்று, குழாயடியில் வரிசை கூடும். நடுவில் முனிசிபாலிட்டி சங்கு வேறு. அந்தத் தெருவில் எவன் வீட்டில் கடிகாரம் இருந்தது? சங்கு என்றால் இந்தச் சனங்களுக்கு மணி என்று, வேறு எந்த மந்திரிக்குத் தெரியாமல் போயிருந்தாலும், இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருபத்தெட்டு வருடம் மலையிலும் பனியிலும் திரிந்ததில் அது எங்கோ விழுந்துவிட்டது. லஸ்கர் அதைப் பொறுக்கியெடுத்து இவர் கையிலேயே கொடுத்தான், இவர் அதை வைத்து இருபது பேரைச் சிரிக்க வைத்தார். கன்னத்தில் சோப்பு காய்கிற வரைக்கும் கண்ணாடி முன்னால் நின்றார் அன்றைக்கு.

"கேள்வி எண் ஐந்து." கேட்டவர் வரவில்லை. "கேள்வி எண் ஆறு." நாலாவது எப்போது போனது? கால்நடை மருந்தகம் பற்றிய கேள்வி, அமைச்சர் நீட்டி முழக்குகிறவர், கொஞ்சம் நேரம் இருக்கிறது. நேரம் எதற்கு? ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு நேரம் எதற்கு, எடுக்கவில்லையென்றால் இனி எப்போது எடுப்பது? தாளை இரண்டாக மடித்தார், மறுபடி பிரித்தார். பயம்தான், பயம் என்று சொல்ல என்ன வெட்கம், குண்டு விழுகிற இடத்தில் வராத பயம் இந்த ஏசி அறையில் வருகிறது. பதவி போகிற பயமா? சுழல் விளக்கும் கொடி வைத்த காரும் போனால் போகட்டும், அது இல்லாமல் ஐம்பத்தாறு வருடம் வாழ்ந்தவர்தான். வேறொரு பழைய பயம் அது, முகம்கூட உள்ள பயம். மேஜராக இருந்தபோது ஒரு லாரி பள்ளத்தில் கவிழ்ந்து இரண்டு பேர் செத்தார்கள், விசாரணைக்குழுத் தலைவர் இவர். பிரேக் சரியில்லை என்று டிரைவர் மூன்று வாரம் முன்னாலேயே எழுதிக் கொடுத்திருந்தான், மேலதிகாரி அதை அலமாரியில் போட்டிருந்தார். மேலதிகாரி நல்லவர், அவருக்குப் பிரிகேடியர் பதவி உயர்வு வர இருந்தது. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதி இவர் கையெழுத்துப் போட்டார். டிரைவர் பெயர் பிர்த்தி ராம். சலாம் அடித்துவிட்டுப் போனான். எந்தப் படையிலும் எந்தத் துறையிலும் தப்பு மேலிருந்து கீழே உருளும், கடைசியில் நிற்கிறவன் தலையில்தான் வந்து விழும். அன்றைக்கு அதை உருட்டிவிட்ட கை இந்தக் கைதான். அந்தக் கை இப்போது பதில் தாளைப் பிடித்திருக்கிறது. அவரே அதைப் பார்த்தார், நடுங்கவில்லை, அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

காலையில் இட்லியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள் மனைவி எப்சிபா. போன் பேசியதை எல்லாம் கேட்டிருந்தாள். "அந்தப் பேச்சிமுத்து பெண்டாட்டி மூணு நாளா நம்ம கேட்டுல நிக்கா. மாடத்தின்னு பேரு. உள்ள கூப்பிட்டேன், வர மாட்டேங்கா. காப்பி குடுத்தேன், வாங்க மாட்டேங்கா. என்னம்மா வேணும்னு கேட்டா, அய்யாவ ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்னு மட்டும் சொல்லுதா" என்றாள். "பாத்து என்ன செய்யப்போறா?" "எனக்கென்ன தெரியும்? நீங்க போயிக் கேளுங்க." இவர் கேட்கவில்லை. கார் கேட்டைத் தாண்டும்போது போலீஸ்காரர் அவளைக் கையால் ஓரங்கட்டினார், அவள் காருக்குள் பார்த்தாள், கும்பிடவில்லை. இருபது வருடத்தில் தன்னைப் பார்த்துக் கும்பிடாமலும் சலாம் போடாமலும் நின்ற முகம் அது ஒன்றுதான். அவருக்கு அது பிடித்துத்தான் இருந்தது. அப்படி நிற்கத் தெரிந்தவளின் புருஷனிடம், பரவாயில்லை, ஆறு மாதம் கழித்து வா, அதுவரை கொலைகாரனாக இரு என்று யார் சொல்வது? முதல்வர் சொல்வாரா? தெய்வநாதன் சொல்வாரா? ஆறு ஆறுகளைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி ஒருவனை ஆற்றில் தள்ளுவது எந்த ஊர் நியாயம்? அப்படிக் காப்பாற்றுகிற ஆறுகளை வைத்துக்கொண்டு அப்புறம் என்ன செய்வது? அடுத்த தடவை ஒரு லஸ்கர் எழுந்து, அய்யா, இது சரியில்லை என்று வாய் திறப்பானா? திறக்க மாட்டான். பேச்சிமுத்துக்கு என்ன ஆயிற்று என்று நாற்பத்தோரு அணையிலும் தெரியும். வாய் திறக்காத லஸ்கர் இருக்கும் அணையைக் காக்க எந்தக் கர்னலாலும் முடியாது. இதை ஏன் காலையில் போனிலேயே சொல்லவில்லை என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. அவருக்கு எப்போதும் பதில் அரை நாள் தாமதமாகத்தான் வரும்.

"கேள்வி எண் ஏழு." முப்புடாதி எழுந்து எண்ணைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதிகாரிகள் மாடத்தில் துறைச் செயலாளர் வித்யாசங்கர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். அவர் பார்வையில் அந்த விஷயம் முடிந்துவிட்டது. கர்னல் எழுந்தார். ஒரு கணம் தெய்வநாதனின் கிராம்பு வாசனை வந்தது, இந்த ஆள் நாளைக்கே என் நாற்காலியில் உட்காருவான், உட்காரட்டும். உட்கார்ந்தாலும் ஒன்று இருக்கிறது. அமைச்சர் இந்த அவையில் எழுந்து நின்று சொல்கிற வார்த்தை உறுதிமொழி. அதற்கென்று ஒரு குழுவே உண்டு. ஆள் மாறினாலும் கட்சி மாறினாலும், சொன்னதைச் செய்தீர்களா என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கும், நாற்காலியில் யார் இருந்தாலும் அவர் பதில் சொல்லியாக வேண்டும். அவைக்குறிப்பில் ஏறினால் போதும். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே. அ) ஆம். சங்கு ஊதப்பட்டது." ஆளுங்கட்சி வரிசையில் மேசைகள் தட்டப்பட்டன. தட்டி முடியட்டும் என்று நின்றார். "ஆ) இல்லை."

மேசைமேல் இருந்த கைகள் அப்படியே நின்றன. வித்யாசங்கர் பேனாவை மறுபடி வெளியே எடுத்தார். கர்னல் தாளைக் குப்புற வைத்துவிட்டு, அணிவகுப்பில் பேசுகிற குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "பொறுப்பானவர்மீது இதுவரை எந்த நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை. பொறுப்பில்லாத ஒரு லஸ்கர்மீது எடுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பணிநீக்க உத்தரவை இந்த அவையிலேயே ரத்து செய்கிறேன். அவர்மீதான வழக்கும் திரும்பப் பெறப்படும் என்று உறுதியளிக்கிறேன்." முப்புடாதி, கேள்வி கேட்டவராயிற்றே, எழாமல் இருந்தால் மரியாதை இல்லை என்று எழுந்தார், கையில் இருந்த துணைக் கேள்விகள் எல்லாம் வேறு பதிலுக்கு எழுதப்பட்டவை. "அப்ப பொறுப்பானவர் யாருன்னு அமைச்சர் சொல்லணும்" என்றார், பாதித் தயக்கத்தோடு. "தினமும் நாலு மணிக்கு மூன்று முறை ஊத வேண்டும் என்று உத்தரவு போட்டவர். வேண்டாம், தினமும் ஊதினால் சனங்கள் காதில் வாங்க மாட்டார்கள் என்று அந்த லஸ்கர் எச்சரித்தபோது கேலி பேசியவர். அந்த மூன்று பேரும் சங்கைக் கேட்டார்கள் ஐயா. கேட்டு, மணி நாலு என்று நினைத்துக்கொண்டு, ஆற்றிலேயே நின்றார்கள். உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் நான்."

முதல்வர் திரும்பிப் பார்க்கவில்லை. விரலை மட்டும் பேரவைத் தலைவர் பக்கம் லேசாகத் தூக்கினார். பேரவைத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆ பகுதிக்கு அமைச்சர் கூறிய பதிலும், அதைத் தொடர்ந்து கூறியவையும் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகின்றன. அமைச்சர் அமரலாம். கேள்வி எண் எட்டு" என்றார். சுருக்கெழுத்தரான பெண் தலைகுனிந்து அந்த வரிகளை அடித்துவிட்டுக் காத்திருந்தார். தெய்வநாதன் கர்னலின் வேட்டி ஓரத்தைப் பிடித்து, "உக்காருங்க கர்னல், சொல்லியாச்சுல்ல" என்று மெல்ல இழுத்தார். கர்னல் அந்தக் கையை எடுத்து அவர் மடிமேலேயே வைத்தார். எட்டாம் கேள்விக்காரர் எழுவதா வேண்டாமா என்று பாதி எழுந்தபடி நின்றார்.

"நீக்கிக்கொள்ளுங்கள் ஐயா" என்றார் கர்னல் அருமைநாயகம். "எத்தனை முறை நீக்கினாலும் நீக்குங்கள். நான் மறுபடி சொல்கிறேன்." சொல்லிவிட்டுச் சுருக்கெழுத்தர் பக்கம் திரும்பி, அந்தப் பெண் பேனாவை எடுக்கிற வரைக்கும் பொறுத்து, முதலிலிருந்து தொடங்கினார். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே. அ) ஆம்."